சைடு ஸ்டெப்புக்குள் இருந்த அரை வாளி மண்

போன மாதம் என் ஃபோர் வீல் டிரைவின் இடது சைடு ஸ்டெப்பை, அதாவது ஏறும்போது கால் வைக்கக் கதவுக்குக் கீழே இருக்கும் குழாயை, கழற்றினேன். எட்டு போல்ட்டில் ஏழு வந்தன. எட்டாவதை கிரைண்டரால் வெட்டித்தான் எடுக்க முடிந்தது. கழற்றிய குழாயைச் சாய்த்தேன், உள்ளேயிருந்து காய்ந்த மண் கட்டி கட்டியாக விழுந்தது. அரை வாளி தேறும். ஆறு வருடமாக வாரம் தவறாமல் நான் கழுவித் துடைத்த பொருள் அது. வெளியே கறுகறுவென்று புதிது போல இருந்தது. உள்ளே கையை விட்டால் துரு செதில் செதிலாக உதிர்ந்தது.

அன்றிலிருந்து வண்டி கழுவும் முறையையே மாற்றிக்கொண்டேன். நாம் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கும் பக்கத்துக்கு ஒன்றும் ஆவதில்லை. ஒன்றோடு ஒன்றை முடுக்கிய இடத்தில், குழாய்க்குள், ரப்பர் ஓரத்தின் பின்னால் ஈரம் தங்குகிறது. கெடுவது அங்கேதான்.

சைடு ஸ்டெப்பின் அடியில் தண்ணீர் வடிய சின்னச் சின்னத் துளைகள் இருக்கின்றன. என் வண்டியில் எல்லாமே சேற்றால் அடைத்திருந்தன. இப்போது சேற்றுப் பாதையில் போய் வந்தால், முதல் வேலையாகக் கம்பியால் அந்தத் துளைகளைக் குத்தித் திறக்கிறேன். பிறகு மெல்லிய குழாயை உள்ளே விட்டு, தெளிந்த தண்ணீர் வரும்வரை அலசுகிறேன். ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, நீளமான மூக்கு வைத்த மெழுகு ஸ்ப்ரேயை உள்ளே அடிக்கிறேன். துளையையும் சேர்த்து மெழுகால் அடைத்துவிட்டால் பழைய கதைதான். முன் பம்பருக்குத் தடுப்பாக நிற்கும் புல்பார் குழாய்க்கும் இதே வைத்தியம்.

புல்பாரில் இன்னொரு தொல்லை பவுடர் கோட்டிங். நல்ல கெட்டியான பூச்சுதான், ஆனால் ஒரு கல் பட்டு ஒரு பொட்டு அளவு பெயர்ந்தாலும் போதும். தண்ணீர் அந்த வழியாக நுழைந்து, பூச்சுக்கும் இரும்புக்கும் நடுவில் துரு ஊர்ந்து போகிறது. மேலே சிறு கொப்புளம்தான் தெரியும். நகத்தால் கீறினால் உள்ளங்கை அளவுக்கு உரிந்து வரும். நான் உரிகிற வரைக்கும் உரித்துவிட்டு, உப்புத்தாளால் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து, துத்தநாகப் பிரைமர் அடித்து, மேலே எனாமல் பூசினேன். கிழிந்த சட்டைக்கு ஒட்டுப் போட்ட மாதிரி இருக்கிறது. இருக்கட்டும், துரு நின்றுவிட்டது.

ரூஃப் ரேக் விஷயத்தில் நான் ஏமாந்தது வேறு விதம். போல்ட்டுகளைச் சுற்றி வெள்ளையாகப் பொடி படிந்திருந்தது. பறவை எச்சம் என்று நினைத்து இரண்டு மூன்று தடவை துடைத்தேன். திரும்பத் திரும்ப வந்தது. ரேக் அலுமினியம், போல்ட் ஸ்டெயின்லெஸ். இரண்டும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் ஈரமும் உப்பும் சேர்ந்தால் ஒரு சின்ன பேட்டரி போல வேலை செய்து, அலுமினியத்தைத்தான் அரிக்கும். ஸ்டெயின்லெஸ் போல்ட்டுக்கு ஒன்றும் ஆகாது, அது பாட்டுக்கு மின்னிக்கொண்டிருக்கும். எல்லாவற்றையும் கழற்றி, நைலான் வாஷர் போட்டு, மரை இறுகிப் பிடித்துக்கொள்ளாமல் இருக்க ஆன்டி சீஸ் பசை தடவி மாட்டினேன். கடற்கரை மணலில் ஓட்டிவிட்டு வந்தால் அன்றைக்கே ரேக்கை நல்ல தண்ணீரால் அலசிவிட வேண்டும், மறுநாளைக்கு என்று வைக்கக் கூடாது.

அப்புறம் ஃபெண்டர் ஃபிளேர், சக்கரத்துக்கு மேலே துருத்திக்கொண்டிருக்கும் வளைந்த விளிம்பு. கறுப்பு பிளாஸ்டிக் வெயிலில் சாம்பல் பூத்துப்போகும். அதை மறைக்க டயருக்கு அடிக்கும் பளபளப்பு எண்ணெயை எடுத்துத் தேய்த்தேன். சாயங்காலம் வரை அருமை. இரண்டே நாளில் ஊர்ப்பட்ட தூசி அதில் ஒட்டிக்கொண்டது. அடுத்த மழையில் எண்ணெய் கோடு கோடாகக் கதவில் வழிந்தது. அதற்கு முன் பாடி வேக்ஸையும் போட்டுப் பார்த்திருக்கிறேன். சொரசொரப்பான பிளாஸ்டிக்கின் குழிகளில் வெள்ளையாக உறைந்துபோய், பழைய டூத்பிரஷ்ஷோடு ஒரு மதியம் போனது. ஹீட் கன்னால் சூடாக்கினால் கறுப்பு திரும்பும் என்பார்கள். திரும்பும், கொஞ்ச நாளைக்கு. கை ஓர் இடத்தில் நின்றால் ஃபிளேர் நெளிந்துவிடும்.

இப்போது பிளாஸ்டிக்குக்கென்றே வரும் கோட்டிங்கைப் போடுகிறேன். பூசுவதை விட அதற்கு முந்தைய வேலைதான் முக்கியம். நன்றாகக் கழுவி, ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த துணியால் பழைய எண்ணெய்ப் பசை சுத்தமாகப் போகும்வரை துடைக்க வேண்டும். பசை மிச்சம் இருந்தால் கோட்டிங் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். வெயிலில் நிற்கும் வண்டியில் பூசாதீர்கள், பரப்புவதற்குள் காய்ந்துவிடும்.

நீளமான கூடுதல் விளக்குப் பட்டையான லைட் பாரின் கண்ணாடி உண்மையில் கண்ணாடி இல்லை, பாலிகார்பனேட். அதில் அப்பிக்கிடந்த பூச்சிகளை ஒருமுறை பெட்ரோல் துணியால் துடைத்து, மெல்லிய வெடிப்புகளை வரவழைத்த பெருமை எனக்கு உண்டு. இப்போது ஷாம்பூ தண்ணீரில் நனைத்த துணியைப் பத்து நிமிடம் மேலே போட்டு வைக்கிறேன். பூச்சி ஊறித் தானாக வந்துவிடுகிறது.

சிக்கிய வண்டியை இழுத்தெடுக்கும் விஞ்ச்சில் எனக்கு இரும்புக் கம்பி இல்லை, செயற்கை நாரில் பின்னிய கயிறு. கனமில்லாதது, கையில் குத்தாது. ஆனால் இழைகளுக்குள் மணல் புகுந்தால், இழுக்கும்போதெல்லாம் உள்ளேயிருந்தே அறுக்கும். முழுக்க உருவி எடுத்து, சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, கொஞ்சம் பாரம் கொடுத்து இறுக்கமாகச் சுற்றுகிறேன். தளர்வாகச் சுற்றினால் அடுத்த முறை இழுக்கையில் மேல் சுற்று கீழ்ச் சுற்றுகளுக்குள் புதைந்து மாட்டிக்கொள்ளும். வெயிலும் அதற்கு ஆகாது, ஓர் உறை போட்டுவிடுங்கள்.

இன்ஜினுக்கு உயரத்திலிருந்து காற்று இழுக்கும் குழாயான ஸ்நோர்கெலைக் கழுவ ஒன்றுமில்லை, பிரஷர் வாஷரை மட்டும் அதன் வாய்க்கு நேராகப் பிடிக்காதீர்கள். நிழலுக்கு வண்டியோரம் விரிக்கும் துணி ஆனிங்கை ஈரத்தோடு சுருட்ட வேண்டாம், பூஞ்சை பிடிக்கும்.

ஃபிளேரைப் பற்றி இன்னொன்று. முன்பக்கம் இரண்டையும் கழற்றிப் பார்த்தேன். ரப்பர் ஓரத்தில் சிக்கிய மணல் பாடி பெயின்ட்டைத் தேய்த்து, ஒரு விரல் நீளத்துக்குப் பிரைமரே தெரிந்தது. சுத்தம் செய்து, பெயின்ட் தொட்டு, ரப்பர் படும் இடத்தில் ஒளி ஊடுருவும் பாதுகாப்பு ஃபிலிம் ஒட்டி மாட்டினேன். பின்பக்கம் இரண்டையும் இன்னும் கழற்றவில்லை. அங்கே என்ன இருக்கும் என்று தெரியும், அதனால்தான் மூன்று வாரமாக வேறு வேலை கிடைத்துக்கொண்டே இருக்கிறது.