அம்மாவின் சிவப்பு நகங்கள்

நேற்று மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் ஊரின் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) ஒரு கியூடெக்ஸ் வாங்கினேன். எந்தக் கம்பெனி நகப்பூச்சாக இருந்தாலும் எங்கள் வீட்டில் அதற்கு அதுதான் பெயர். பளிச்சென்ற சிவப்பு. எனக்கில்லை, அம்மாவுக்கு.

முப்பது வருஷம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய கை. மரத்திலிருந்து வெள்ளையாக வழியும் பால், காற்றுப்பட்டுக் காய்ந்தால் கறுத்துவிடும். நக இடுக்கில் ஏறினால் லேசில் போகாது. கல்யாண வீடுகளில் அம்மா விரல்களை மடக்கி முந்தானைக்குள் வைத்துக்கொள்வார்.

"வயசான காலத்துல எனக்கு எதுக்குடி இது?" என்றார். கையை மட்டும் இழுத்துக்கொள்ளவில்லை.

முதலில் நிறமில்லாத பூச்சு. அடர் சிவப்பை வெறும் நகத்தில் பூசினால் மஞ்சள் கறை தங்கிவிடும். அப்புறம் மெல்லிசாக இரண்டு தடவை சிவப்பு. கெட்டியாகப் பூசினால் உள்ளிருக்கும் கரைப்பான் சீக்கிரம் ஆவியாகாது, பிசுபிசுக்கும். இடது கட்டைவிரல் நகத்தில் பால்வெட்டும் கத்தி பட்ட பழைய பிளவு ஒன்று உண்டு. அதன்மேல் மட்டும் பிரஷை மெதுவாக, மிக மெதுவாக இழுத்தேன்.

இன்று காலை கோயிலில் கற்பூரத் தட்டு வந்தது. அம்மா இரண்டு கைகளையும் நன்றாக விரித்து நீட்டினார்.