செனகா: மூன்றாவது ஞாயிறு, நேராக ஓடியாச்சு

பாலாற்று மணலில் நேற்றும் மூக்கைக் குத்திக்கொண்டது என் செனகா, ரிமோட்டில் ஓட்டும் இரட்டை எஞ்சின் மாதிரி விமானம். ஆனால் இந்த முறை நேராக ஓடிக் குத்தியது. எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

1:8 அளவு, இறக்கை 148 செ.மீ. (அசலில் 11.86 மீட்டர்). தெர்மாகோல் உடம்பு, உள்ளே கார்பன் குழாய், வழக்கம்போலத்தான். மூன்று வாரம் என் உயிரை எடுத்தது வலது புரொப்பெல்லர்.

பைப்பர் நிறுவனம் 1971-ல் செனகாவை விட்டபோதே இரண்டு எஞ்சினும் எதிரெதிராகச் சுற்றின. இடது லைகமிங் ஐஓ-360, வலது எல்ஐஓ-360. அந்த ‘எல்’ இடப்பக்கம் சுற்றுவதைக் குறிக்கிறது. இரண்டிலும் கீழிறங்கும் புரொப்பெல்லர் இலை உடம்போரம் வருவதால் எது நின்றாலும் ஒரு பக்கம் இழுக்கும் திமிறல் ஒரே அளவுதான். இரண்டும் ஒரே பக்கம் சுற்றுகிற விமானங்களில் பெரும்பாலும் இடது நின்றால்தான் பாடு அதிகம். பொம்மைக்கு எதற்கு இதெல்லாம் என்று கேட்காதீர்கள், அசல் மாதிரி இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

ஒரு புரொப்பெல்லர் எதிர்ப்பக்கம் சுற்றுகிற, ‘ஆர்’ போட்டது வேண்டும் என்று கேட்டும், கடைக்காரர் இரண்டும் சாதாரணமே அனுப்பிவிட்டார். திருப்பி மாட்டினால் ஆகாதா என்று மாட்டி, மோட்டாரின் மூன்று ஒயரில் இரண்டை மாற்றி அதையும் எதிர்ப்பக்கம் சுற்றவிட்டேன். எப்படி மாட்டினாலும் இலையின் முறுக்கு மாறாது என்று அப்போது உறைக்கவில்லை. இடது முன்னே இழுக்க, வலது பின்னே தள்ள, செக்குமாடு மாதிரி நின்ற இடத்திலேயே வட்டம். வாலைப் பிடித்திருந்த மச்சான், “மாமா, இதுல எண்ணெய் ஆட்டலாம் போலிருக்கே” என்றான்.

அடுத்த வாரம் சரியான புரொப்பெல்லர் வந்தது. மோட்டார் ஏற்கெனவே எதிர்ப்பக்கம் சுற்றியதால் அப்படியே மாட்டினேன். அப்போதும் வலது அரை நொடி தாமதம், விமானம் வலப்பக்கம் ஒடித்துக்கொண்டு போய் இறக்கை நுனி பெயர்ந்தது. மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இஎஸ்சி இரண்டிலும் த்ராட்டில் எல்லை வேறு வேறாகப் பதிந்திருந்தது. இரவு பத்து மணிக்கு த்ராட்டிலை முழுக்க ஏற்றி, பேட்டரியை மாட்டி, பீப் கேட்டதும் கீழே இறக்கி என்று நான்கைந்து முறை சரிசெய்தேன். ரிசீவருக்கு இரண்டிலிருந்தும் மின்சாரம் போக வேண்டாம் என்று ஒன்றின் சிவப்பு ஒயரையும் பிடுங்கிவிட்டேன். இப்போது இரண்டும் ஒரே மூச்சில் கிளம்புகின்றன!

நுனியை ஃபெவிகாலில் ஒட்டியாயிற்று. அவசரத்துக்கு ஃபிளெக்ஸ்குவிக் மாதிரி உடனே ஒட்டும் பசை விட்டால் தெர்மாகோல் கரைந்துவிடும். கத்திரி வெயிலில் வண்டிக்குள் பேட்டரியை வைக்கவும் கூடாது, போன வருஷம் ஒன்று இட்லி மாதிரி உப்பியது.

அடுத்து செய்யப்போவது பி.68, இதுவும் இரட்டை எஞ்சின்தான். ஓசூரில் செய்த விமானம், நம்ம பக்கத்து ஊர்ச் சொந்தம். மேல் இறக்கை என்பதால் புரொப்பெல்லர் மணலை வாராது.

அதற்கு முன் செனகாவின் மூக்குச் சக்கரம். இருப்பது சின்னது, மணலில் புதைகிறது. மகளின் பொம்மை லாரிச் சக்கரம் அளவு சரியாக இருக்கிறது. கேட்டேன், தர மாட்டாளாம்.