மிளகாய் அரைத்த இயந்திரத்தில் சீயக்காய் அரைக்கக் கூடாது

எங்கள் தெருக் கோடியில் இருக்கும் மாவு மில்லில் வியாழக்கிழமை மதியத்துக்கு மேல்தான் சீயக்காய் அரைத்துத் தருவார்கள். அரிசிக்கும் கோதுமைக்கும் ஓர் இயந்திரம், மிளகாய்க்கும் மல்லிக்கும் இன்னொன்று, சீயக்காய்க்கும் அரப்புக்கும் மூலையில் தனியாக மூன்றாவது ஒன்று என்று வைத்திருக்கிறார் அங்கு அரைப்பவர். அந்த மூன்றாவது இயந்திரம் ஓடத் தொடங்கியதும் வரிசையில் நிற்பவர்கள் எல்லோரும் ஒருவர் பின் ஒருவராகத் தும்முவார்கள். அவர் மட்டும் மூக்கை மறைத்துத் துண்டைக் கட்டிக்கொண்டு, “தள்ளி நில்லுங்கம்மா, இது உள்ளே போனா ராத்திரி வரைக்கும் விடாது” என்பார். இந்த ஏற்பாட்டின் அருமை எனக்கு வேறோர் இடத்தில் பட்ட பிறகே தெரிந்தது. முதன்முறை நானாகச் சீயக்காய் அரைக்கக் கொடுத்த மில்லில், சற்றுமுன் மிளகாய் அரைத்த இயந்திரத்திலேயே அதையும் கொட்டி அரைத்துவிட்டார்கள். பொடியின் நிறத்தில் வேறுபாடு தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்தபோது தலை முழுவதும் திகுதிகுவென்று எரிந்ததோடு, கண்ணைத் திறக்க முடியாமல் அரைமணி நேரம் குழாயடியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

வீட்டிலேயே செய்துகொள்ளும் அழகுப் பொருள்களைப் பற்றி எழுத நினைத்தபோது முதலில் நினைவுக்கு வந்தது இந்தச் சம்பவம்தான். “வீட்டுப் பொருள்தானே, என்ன செய்துவிடப் போகிறது” என்ற நம்பிக்கையில்தான் நம்மில் பலர் முகத்தையும் முடியையும் கெடுத்துக்கொள்கிறோம். நானும் அப்படிக் கெடுத்துக்கொண்டவள்தான். அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் சீயக்காய். எங்கள் அப்பத்தா வைத்திருந்த கணக்கையே சிறிது மாற்றி இன்றும் பின்பற்றுகிறேன். சீயக்காய் ஒரு கிலோ, பாசிப்பயறு 250 கிராம், வெந்தயம் 100 கிராம், விதை நீக்கிய பூந்திக்கொட்டை 100 கிராம், ஆவாரம்பூ 100 கிராம், பூலாங்கிழங்கு 50 கிராம், இவற்றோடு நிழலில் காய்ந்த செம்பருத்தி இலையும் கறிவேப்பிலையும் இரண்டிரண்டு கைப்பிடி. மதுரைக் கீழமாசி வீதிப் பக்கம் நாட்டு மருந்துக் கடைகளில் இவை எல்லாம் ஒரே இடத்தில் கிடைத்துவிடும். சென்ற முறை அரைத்த கூலியும் சேர்த்து 500 ரூபாயைத் தாண்டவில்லை. வாரம் இரண்டு முறை தலை குளிக்கும் இரண்டு பேருக்கு அது ஏறக்குறைய இரண்டரை மாதம் வந்தது. அரைக்கக் கொடுப்பதற்கு முன்னால் மொட்டை மாடியில் இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் காயவைப்பதில் மட்டும் சோம்பல் கூடாது. சீயக்காயைக் கையில் எடுத்து ஒடித்தால் ‘டப்’பென்று உடைய வேண்டும், வளைந்தால் இன்னும் ஒரு நாள் காய வேண்டும் என்று பொருள். ஈரப்பதத்தோடு அரைத்த பொடி ஒரே மாதத்தில் பூசணம் பிடித்துவிடும். அரைத்து வாங்கியதையும் சூடு ஆறும் வரை செய்தித்தாளில் பரப்பி வைத்து, பிறகே டப்பாவில் அடைக்க வேண்டும். டப்பா குளியலறையில் இருக்கவே கூடாது.

சீயக்காய் அழுக்கை நீக்குவதற்குக் காரணம் அதில் இயற்கையாகவே இருக்கும் சபோனின் என்னும் நுரைக்கும் பொருள். பூந்திக்கொட்டையில் அது இன்னும் மிகுதி என்பதால்தான் அதை அளவோடு சேர்க்கச் சொல்கிறேன். கூடினால் முடி நாராக வறண்டுவிடும். நம் தோலின் மேற்பரப்பு சற்றே அமிலத் தன்மை கொண்டது. அமில, காரத் தன்மையைக் குறிக்கும் பிஎச் அளவில் சொன்னால் 4.5 முதல் 5.5 வரை இருக்கும்; எண் குறையக் குறைய அமிலம் கூடும். சாதாரணக் குளியல் சோப்போ 9, 10 என்ற காரத் தன்மை உடையது. சோப்பால் தலை குளித்தால் முடி சொரசொரப்பாகிச் சிக்கு விழுவதற்கு அதுவே காரணம். எங்கள் பகுதியைப் போல ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர் வரும் இடங்களில் சோப்பு நுரைக்காமல் வெள்ளைத் திரளாகத் திரிந்து முடியில் ஒட்டிக்கொள்ளும். சீயக்காயில் அந்தத் தொல்லை குறைவு. கொங்கு நாட்டார் அரப்பு என்று அழைப்பதை எங்கள் பக்கம் உசிலை இலைப் பொடி என்போம். அது எண்ணெயைச் சுத்தமாக எடுத்துவிடும் என்பதால், எண்ணெய் வழியும் தலைக்குச் சீயக்காயை விட ஏற்றது.

பொடியை வெறும் தண்ணீரில் கரைப்பதை விடச் சாதம் வடித்த கஞ்சியில் கரைப்பதே எனக்குப் பிடிக்கும். மூன்று கரண்டிப் பொடியை வெதுவெதுப்பான வடிகஞ்சியில் தோசை மாவுப் பதத்துக்குக் கரைத்துப் பத்து நிமிடம் ஊறவிட்டால் வெந்தயமும் பயறும் வழுவழுப்பாகிக் குழைந்து வரும்; அந்தப் பதத்தில் தேய்த்தால் தலையில் வழிந்து கண்ணில் இறங்குவதும் குறையும். ஆனாலும் இதைக் குறையே இல்லாத பொருள் என்று சொல்ல மாட்டேன். எத்தனை முறை அலசினாலும் முடி காய்ந்த பிறகு சீப்பில் சிறிது பொடி உதிரும். சாயம் பூசிய முடியை இது வறட்சியாக்கிவிடும். காலையில் எட்டு மணிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர்களுக்கு வார நாளில் ஷாம்புதான் கதி, அதில் குற்ற உணர்வு கொள்ள ஒன்றுமில்லை.

எண்ணெயைப் பொறுத்தவரை, விலை உயர்ந்த கலவைகளை எல்லாம் வாங்கிப் பார்த்த பிறகு தேங்காய் எண்ணெய்க்கே திரும்பி வந்தேன். 2003-இல் வெளியான ஓர் ஆய்வில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் ஆகிய மூன்றையும் முடியில் பூசி ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். முடியிலிருந்து புரதம் கரைந்து போவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். அதில் உள்ள லாரிக் அமிலம் சிறிய, நேரான மூலக்கூறு ஆகையால் முடியின் உள்ளே புக முடிகிறது என்பதே அவர்கள் கூறிய விளக்கம். ஆகவே குளித்த பிறகு பூசுவதை விடக் குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் பூசுவதே பயன் தரும். கறிவேப்பிலையும் கரிசலாங்கண்ணியும் போட்டுக் காய்ச்சுவதாக இருந்தால், இலையில் உள்ள நீர் முழுவதும் வற்ற வேண்டும்; கொதிக்கும் எண்ணெயில் சடசடப்பு அடங்கி, இலையை நசுக்கினால் நொறுங்கும் நேரத்தில் அடுப்பை அணைக்க வேண்டும். அதற்கு முன்பே இறக்கினால் பத்து நாளில் எண்ணெய் சிக்கு வாடை அடித்துவிடும். பொடுகு உள்ளவர்கள் இரவு முழுவதும் தலையில் எண்ணெய் ஊற வைப்பது நன்மை செய்யாது, ஏனென்றால் பொடுகுக்குக் காரணமான பூஞ்சைக்கு எண்ணெய்ப் பசைதான் உணவு. இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும்: தலைமுடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும், அதை விரட்டி வளர்க்கும் எண்ணெய் எதையும் நான் இதுவரை கண்டதில்லை. நாளுக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயல்பு. அதைத் தாண்டிக் கொத்துக் கொத்தாகப் போனால் செம்பருத்தியைத் தேடாமல், இரும்புச் சத்துக்கும் தைராய்டுக்கும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது மேல்.

இனி, என் முகத்தை நானே கெடுத்துக்கொண்ட கதை. சித்தி மகள் திருமணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது, முகம் பளிச்சென்று ஆகும் என்று யாரோ சொல்லக் கேட்டு, எலுமிச்சைச் சாற்றில் சர்க்கரை கலந்து கன்னத்திலும் கழுத்திலும் தேய்த்தேன். அரைகுறையாகக் கழுவிவிட்டு, பத்திரிகை வைப்பதற்காகச் சித்தப்பாவின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து சித்திரை வெயிலில் ஊரைச் சுற்றினேன். அன்று ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் நாள் கழுத்தில் சாறு வழிந்த தடம் அப்படியே சிவந்து தடித்தது. அது அடங்கிய பிறகு பழுப்புக் கோடாக மாறி, திருமணப் புகைப்படங்களில் எல்லாம் பதிந்து, மறைய ஐந்து மாதம் எடுத்துக்கொண்டது. எலுமிச்சையில் இருக்கும் ஃபியூரோகூமரின் என்னும் பொருள் தோலில் ஒட்டியிருக்கும்போது வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் பட்டால் தோல் வெந்ததைப் போல ஆகிவிடும் என்று தோல் மருத்துவர் விளக்கினார். நம் ஊர்ச் சிறிய பச்சை எலுமிச்சை இதற்குப் பேர் போனது. அதன் சாறு பிஎச் அளவில் ஏறக்குறைய 2. அந்த அளவுகோலில் ஒவ்வொரு எண்ணும் பத்து மடங்கைக் குறிப்பதால், நம் தோலோடு ஒப்பிட்டால் அது ஆயிரம் மடங்கு அமிலத் தன்மை உடையது. அன்று முதல் எலுமிச்சைக்கு என் வீட்டில் ஊறுகாய் ஜாடியில் மட்டுமே இடம். பருவுக்குப் பற்பசை, கருமைக்குச் சமையல் சோடா என்பவற்றையும் இதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முகத்துக்கும் உடம்புக்கும் நான் நம்புவது நலங்கு மாவு. பாசிப்பயறு 250 கிராமுக்குக் கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, ஆவாரம்பூ, காய்ந்த ரோஜா இதழ் ஆகியவை வகைக்கு 50 கிராம். வெட்டிவேர் 25 கிராம். வெட்டிவேரைப் பொடியாக நறுக்கிக் கொடுக்காவிட்டால் இயந்திரத்தில் சுற்றிக்கொள்ளும். அரைத்து வந்த மாவைக் கைக்குழந்தைக்கும் பூசுவதாக இருந்தால் மெல்லிய துணியில் சலித்தே தீர வேண்டும், முகத்துக்கும் அப்படியே. கொரகொரப்பான மாவை அழுத்தித் தேய்த்தால் அழுக்கோடு தோலும் உரியும். எனக்குத் தெரிந்து பலர் “நலங்கு மாவு எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை” என்று சொல்வதற்கு மாவு காரணமன்று, தேய்க்கும் கைதான் காரணம். தயிரில் குழைத்து, பூசி, காய்ந்து இறுகுவதற்கு முன்பே தண்ணீர் தொட்டுத் தளர்த்திக் கழுவிவிட வேண்டும்.

கஸ்தூரி மஞ்சள் வாங்குவதில் ஏமாறாதவர்கள் குறைவு. பளிச்சென்ற மஞ்சள் நிறத்தில், கையில் கறை பிடிக்கும்படி இருந்தால் அது சமையல் மஞ்சளாகவோ வேறு கிழங்காகவோ இருக்கும். உண்மையான கஸ்தூரி மஞ்சள் பொடி வெளிறிய நிறத்தில், கற்பூரம் கலந்தாற்போன்ற மணத்தோடு இருக்கும். தோலில் மஞ்சளாக ஒட்டாது. பொடியாக வாங்காமல் கிழங்காக வாங்கி, ஒன்றை உடைத்துப் பார்த்துவிட்டு எடுப்பது என் வழக்கம். கடைக்காரர் முறைப்பார், முறைத்துவிட்டுப் போகட்டும்.

சோற்றுக்கற்றாழையை மடலோடு ஒடித்த உடனே முகத்தில் தேய்க்கக் கூடாது. வெட்டிய இடத்தில் மஞ்சளாக ஒரு பால் வடியும். அதுதான் அரிப்பை உண்டாக்குவது. மடலைச் சாய்த்து வைத்துப் பதினைந்து நிமிடம் அதை வடியவிட்டு, தோலைச் சீவி, உள்ளே இருக்கும் சோற்றை நான்கைந்து முறை அலசிய பிறகே பயன்படுத்த வேண்டும். எந்தப் பொருளானாலும் முதன்முறை முழங்கை மடிப்பின் உட்புறம் சிறிது தடவி ஒரு நாள் பொறுத்துப் பார்ப்பது நல்லது. முகப்பரு வரும் தோலுக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம். அது துளைகளை அடைத்துப் பருவைப் பெருக்கும்.

இத்தனையும் எழுதிய நானே கடையில் காசு கொடுத்து வாங்கும் பொருள் ஒன்று உண்டு, அது சன்ஸ்கிரீன். வெயிலைத் தடுக்கக் கூடிய மாவோ சாறோ எந்தச் சமையலறையிலும் இல்லை. வீட்டுத் தயாரிப்புகளில் மிச்சமாகும் பணத்தில் வெயில் தடுப்பின் அளவைக் குறிக்கும் எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத ஒன்றை வாங்கி, வெளியே கிளம்பும் முன் கழுத்துக்கும் சேர்த்துப் பூசிக்கொள்கிறேன். கழுத்துக்கு ஏன் என்று மேலே படித்தவர்களுக்குத் தெரியும்.

பாத வெடிப்புக்கு வழி கேட்டு அடிக்கடி செய்தி வருவதால் அதையும் சொல்லிவிடுகிறேன். தேன்மெழுகு ஒரு பங்குக்கு விளக்கெண்ணெய் நான்கு பங்கு எடுத்து, கொதிநீரில் வைத்த கிண்ணத்தில் உருக்கி, ஒரு சிட்டிகை மஞ்சள் சேர்த்து இறக்கினால் ஆறியதும் களிம்பாக இறுகும். இரவில் காலை வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் ஊறவைத்து, கல்லால் மெதுவாகத் தேய்த்து, ஈரம் முழுதும் காயும் முன்பே இந்தக் களிம்பைத் தடவி, பழைய காலுறையை மாட்டிக்கொண்டு படுக்க வேண்டும். மெழுகு உள்ளே இருக்கும் ஈரத்தை வெளியேறவிடாமல் பிடித்து வைக்கிறது; வேலை செய்வது அந்த ஈரம்தான். சர்க்கரை நோய் உள்ளவர்கள் மட்டும் வெடிப்பில் கல்லையோ கத்தரியையோ வைக்காமல் மருத்துவரிடம் காட்டுவது நல்லது. மஞ்சள் சேர்ப்பதால் காலுறை கறையாகும், வெள்ளை நிறத்தை எடுக்க வேண்டாம். என் கணவரின் அலுவலகக் காலுறைகள் இரண்டு இப்படித்தான் என்னுடையவையாகின.