சித்தூர்ப் பலகைகள்: ஒரு மாம்பழப் பருவத்தின் நாட்குறிப்பு

27 மே 2025, செவ்வாய்

காட்பாடியில் ரயிலை விட்டிறங்கிப் பேருந்து ஏறினேன். கிறிஸ்டியான்பேட்டை கடந்து ஆந்திர எல்லைக்குள் நுழைந்ததும் கடைப் பலகைகள் வட்ட வட்டமான எழுத்துகளுக்கு மாறிவிட்டன. பேருந்துக்குள் பேச்சு மட்டும் மாறவில்லை. பின்னிருக்கைப் பெண்கள் இருவரும் தமிழில் தொடங்கிய குடும்பக் கதையைத் தமிழிலேயே சித்தூர் வரை கொண்டுவந்து சேர்த்தார்கள்.

மாங்கூழ்த் தொழிற்சாலை ஒன்றில் தரக் கட்டுப்பாட்டு வேலை, பருவம் முடியும்வரை ஒப்பந்தம். கும்பகோணத்தில் வளர்ந்த எனக்கு வடக்கு என்றால் அது சென்னைதான். வரைபடத்தில் பார்த்தால் சித்தூர் அதைவிடவும் சற்றே வடக்கில் இருக்கிறது. 'சிற்றூர்' என்பதே 'சித்தூர்' என மருவியதாகச் சொல்கிறார்கள். 2012ஆம் ஆண்டிலேயே மாநகராட்சியாகிவிட்ட ஊருக்கு இந்தப் பெயர் இன்னும் பொருந்துகிறது என்பதே மாலை நடையில் எனக்குத் தோன்றியது.

1 ஜூன், ஞாயிறு

வீட்டுக்கார அக்கா என்னிடம் தமிழில் வாடகை பேசுகிறார், பேரனைத் தெலுங்கில் அதட்டுகிறார், பூக்காரியிடம் இரண்டையும் கலந்து பேரம் பேசுகிறார். வீட்டில் எது தாய்மொழி என்று கேட்டேன். "அதெல்லாம் யோசிச்சதில்ல தம்பி" என்றார்.

அவருடைய மாமியார் திருத்தணிப் பெண். 1911இல் உருவான சித்தூர் மாவட்டத்தில்தான் அப்போது திருத்தணியும் இருந்ததால், பக்கத்துத் தாலுக்காவுக்கு வாழ்க்கைப்பட்ட கணக்கில்தான் அவர் இங்கே வந்திருக்கிறார். 1953 அக்டோபரில் ஆந்திர மாநிலம் பிறந்தபோது மாவட்டம் முழுவதும் அந்தப் பக்கம் போனது, மா.பொ.சி. முதலானோரின் போராட்டத்துக்கும் எல்லையை வகுத்த படாஸ்கர் தீர்ப்புக்கும் பிறகு, 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது. அந்த அம்மாள் இருந்த இடத்தை விட்டு அசையாமலே வெளிமாநிலத்து மருமகளாகிவிட்டார். பிறந்த வீட்டுச் சீர் மட்டும் தவறாமல் எல்லை தாண்டி வந்ததாக அக்கா சொல்கிறார்.

8 ஜூன், ஞாயிறு

இன்று எனக்கு நேர்ந்ததற்கு முழுப் பொறுப்பும் என்னுடைய அரைகுறைப் படிப்புதான். பத்து நாளில் தெலுங்கு எழுத்து நாலைந்து தெரிந்துவிட்ட தைரியத்தில், பேருந்து நிலையத்தில் 'கா' என்று தொடங்கிய பலகையைப் பார்த்ததும் காட்பாடி என்று முடிவு கட்டி ஏறி உட்கார்ந்தேன். வண்டியில் ஏறிய அத்தனை பேர் நெற்றியிலும் குங்குமமோ திருநீறோ இருந்ததைப் பார்த்த பிறகாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். வண்டி போய் நின்றது காணிப்பாக்கத்தில்.

வந்தது வந்தோம் என்று வரிசையில் நின்றேன். கிணற்றுக்குள்ளிருந்து தானே தோன்றியவர் என்றும் ஆண்டுதோறும் வளர்ந்துகொண்டே இருப்பவர் என்றும் நம்பப்படும் பிள்ளையார். இவர் முன்னால் பொய்ச் சத்தியம் செய்ய யாருக்கும் துணிச்சல் வருவதில்லையாம். கொடுக்கல் வாங்கல் தகராறுகூட இங்கே ஒரு பிரமாணத்தோடு தீர்ந்துவிடும் என்று, எனக்கு முன்னால் நின்ற பெரியவர் நல்ல தமிழில் விளக்கினார்.

மாலையில் ஆறாம் வகுப்புப் பேரன் என் நோட்டை வாங்கி இரண்டு பெயரையும் எழுதிக் காட்டினான். டகரத்துக்குப் புள்ளி வைத்துப் பக்கத்தில் 'பா' எழுதுவது நம் வழக்கம். அவன் எழுதிய காட்பாடியிலோ, பகரம் சிறுத்து டகரத்தின் காலடியில் தொங்கியது. 'பா'வுக்கு உரிய நெடில் குறி டகரத்தின் தலையில் ஏறியிருந்தது. இப்படிக் கீழே தொங்குவதற்கு 'ஒத்து' என்று பெயராம். சித்தூரின் பெயரிலேயே அப்படி ஓர் ஒத்து இருக்கிறது என்று அவன் காட்டிய பிறகுதான், தொழிற்சாலை வாசலில் தினமும் பார்த்த அந்த வால் என்னவென்று எனக்குப் புரிந்தது.

13 ஜூன், வெள்ளி

தொழிற்சாலைக்கு வெளியே டிராக்டர்கள் கண்ணுக்கு எட்டிய தூரம் நிற்கின்றன. எல்லாம் தோத்தாபுரி, நம் ஊர்க் கிளிமூக்கு மாங்காய். இந்தியிலும் தோத்தா என்றால் கிளிதான். விளைச்சல் கூடியிருக்கிறது, சென்ற ஆண்டுக் கூழே இன்னும் பல இடங்களில் விற்காமல் கிடக்கிறது, ஆகவே விலை சரிந்துவிட்டது. வெளிமாநிலத்துத் தோத்தாபுரி மாவட்டத்துக்குள் வரக் கூடாது என்று இங்கே உத்தரவு போட, கர்நாடக முதலமைச்சர் அதை எதிர்த்துக் கடிதம் எழுதியிருக்கிறார்.

என் வேலை எளியது. பழத்தைப் பிழிந்து ஒரு சொட்டை, இனிப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரின் கண்ணாடியில் விட்டு, நிழல் விழும் கோட்டைப் படிக்க வேண்டும். தோத்தாபுரிக் கூழுக்கு பிரிக்ஸ் எனும் அந்த இனிப்பு அளவு பதினான்காவது வர வேண்டும். சிக்கல் என்னவென்றால், வெயிலில் நிற்கும் பழத்துக்கு இனிப்பு குறைவதில்லை, காம்புப் பக்கம் அழுகத் தொடங்கிவிடுகிறது. இரண்டு நாளாக வரிசையில் நின்ற ஒருவரின் சுமையில் அடி வரிசையைக் கிளறிப் பார்த்தேன். விரல் உள்ளே போனது. வாசலிலேயே காக்க வைத்துக் கெடுத்துவிட்டு, கெட்டது என்று கழிப்பதும் நாங்களேதான்.

அவருக்குத் தமிழ் பேச வரும், எழுத்து தெலுங்குதான். எனக்கோ எழுத்தும் தமிழ்தான். வரிசைச் சீட்டில் இருந்ததை அவர் உரக்கப் படித்துத் தமிழில் சொல்லச் சொல்ல, நான் பதிவேட்டில் எழுதினேன். கழிவு எடையையும் அவர் வாயால்தான் சொல்லக் கேட்டு எழுதினேன். ஒரு கிலோகூடக் குறைத்துச் சொல்லவில்லை.

29 ஜூன், ஞாயிறு

கிலோவுக்கு 12 ரூபாய் என்று ஆகியிருக்கிறது: ஆலைகள் 8, அரசு 4. வாசலில் நிற்பவர்கள் அந்த எட்டு ரூபாயை முழுதாகக் கண்ணால் பார்த்தால்தான் நம்புவார்கள் போலிருக்கிறது.

சக ஊழியர் ஒருவர் பேச்சோடு பேச்சாக, ஹைதர் அலி இறந்தது சித்தூருக்கு அருகே நரசிங்கராயன்பேட்டையில் என்றார். 1782 டிசம்பர் 7. திப்பு வந்து சேரும்வரை சாவை மறைத்து வைத்திருந்தார்களாம். எழுதப் படிக்கத் தெரியாமலே பல மொழிகளைச் சரளமாகப் பேசியவர் ஹைதர் என்பது எனக்கு இன்று சற்று ஆறுதலாக இருந்தது.

6 ஜூலை, ஞாயிறு

மதியம் அக்கா சங்கட்டி போட்டார். எங்கள் வீட்டுக் களியில் கேழ்வரகு மாவு மட்டும். இதில் சோற்றைக் குழைத்து மாவைச் சேர்த்துக் கிளறி உருட்டுகிறார்கள். வேர்க்கடலைச் சட்னியோடு இரண்டு உருண்டை போனது.

சாப்பிடும்போது பேரன் ஓடிவந்து "வான வஸ்துந்தி" என்றான். வானம் எப்படி வரும் என்று நிமிர்ந்து பார்த்தேன். இங்கே மழைக்குப் பெயர் வான. வீட்டுக்கு இல்லு, சொல்வதற்குச் செப்பு. நாங்கள் பள்ளிச் செய்யுளில் உரை பார்த்துப் படித்த சொற்களை இந்தத் தெருவில் பால்காரர் சொல்லிக்கொண்டு போகிறார்.

20 ஜூலை, ஞாயிறு

ஒப்பந்தம் முடிந்தது, நாளைக் காலை காட்பாடியில் ரயில். தெலுங்கு எழுத்துக்குப் பதிலாகத் தமிழ் எழுத்து என்று பேரனோடு செய்துகொண்ட உடன்படிக்கையில் அவன்தான் முந்திவிட்டான், ஆனால் ஒரே ஒரு ககரம் மட்டும் அவனுக்குப் பிடிபடவில்லை. அவர்களுக்கு அதற்கு நான்கு எழுத்து. எந்த இடத்தில் எப்படி ஒலிப்பது என்று எப்படித் தெரியும் என்று கேட்டான். பழக்கம் என்றேன், அது பதில் அல்ல என்று அவன் முகம் சொன்னது. தெருக்கோவில் அம்மனின் பெயரைத் தமிழில் 'கங்கம்மா' என்று எழுதிக் கொடுத்தேன். முதல் எழுத்தை 'கல்' என்பதில் வரும் ககரமாகவே அழுத்தி, எழுத்துக் கூட்டி அவன் படித்து முடிப்பதற்குள் சமையலறையிலிருந்து அக்காவின் குரல் வந்தது: "டேய், சாமி பேரை ஒழுங்காச் சொல்லு!"