எடையும் எகிறலும்: ஒரு வாலிபால் பயிற்சியாளரின் நாட்குறிப்பு

ஜூன் 3

சீசன் ஓய்வு முடிந்து பையன்கள் வந்துவிட்டார்கள். வெயிட்டைத் தொடும் முன்பு அளவெடுப்பு. நின்றபடி கை எட்டும் உயரம், நின்ற இடத்திலிருந்து குதித்து எட்டும் உயரம், ஓடி வந்து குதித்து எட்டும் உயரம். நெட் 2.43 மீட்டர் எல்லோருக்கும் பொது. அதற்கு மேல் எவ்வளவு போகிறார்கள் என்பதில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம்.

நான் முக்கியமாகப் பார்ப்பது கடைசி இரண்டுக்கும் உள்ள இடைவெளியை. நின்று நன்றாகக் குதிக்கிறவன் ஓடி வந்தும் அதே உயரத்தில் நின்றால், அவனுக்குக் காலில் பலம் இருக்கிறது, ஓட்டத்தின் வேகத்தை மேலே திருப்பத்தான் வரவில்லை. இரண்டிலுமே குறைவாக இருக்கிறவனுக்கு முதலில் பலம் வேண்டும். இருவருக்கும் ஒரே அட்டவணையைக் கொடுப்பது வீண் வேலை.

ஜூன் 12

பலம் வேண்டியவர்களுக்கு ஸ்க்வாட், அதாவது கம்பியைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது. ஒரே ஒரு தடவை தூக்க முடிகிற அதிகபட்ச எடையில் சுமார் 80 முதல் 85 சதவீதம். நான்கைந்து தடவை, நான்கு செட். நடுவில் மூன்று நிமிட ஓய்வு. அந்த மூன்று நிமிடம் உட்கார வைப்பதுதான் பெரும்பாடு. வியர்வை கொட்டினால்தான் பயிற்சி என்று யாரோ இவர்கள் தலையில் ஏற்றியிருக்கிறார்கள்.

“உடம்பு பெருத்துடுமா சார்?” என்று ஒருவன் கேட்டான். ஆரம்ப வாரங்களில் கூடும் பலத்தில் பெரும்பங்கு, நரம்பு மண்டலம் இருக்கிற தசையை இன்னும் நன்றாக வேலை வாங்கப் பழகுவதால் வருவது. ஆனால் அவன் கவலை நியாயமானது. வாலிபாலில் கூடும் ஒவ்வொரு கிலோவையும் ஒவ்வொரு குதிப்பிலும் தூக்கியாக வேண்டும்.

நெட்டையான மிடில் பிளாக்கருக்கு (நெட்டின் நடுவில் நின்று தடுப்பவன்) தொடை எலும்பு நீளம். ஸ்க்வாட்டில் முன்னால் சாய்ந்துகொண்டே போகிறான். அவனுக்கு ஹெக்ஸ் பார் டெட்லிஃப்ட் போதும்: அறுகோணக் கம்பிக்குள் நின்று தரையிலிருந்து எடையைத் தூக்குவது.

ஜூன் 13

லிபரோ பின்வரிசையில் தடுத்தாடுகிறவன். ஸ்பைக், அதாவது குதித்துப் பந்தை ஓங்கி அடிப்பது, அவன் வேலையில்லை. அவன் கேட்டான்: “நான் ஸ்பைக்கே அடிக்கறதில்லையே, எனக்கு எதுக்கு சார் வெயிட்?” தாழ்ந்து நிற்கவும் முதல் அடியைப் பக்கவாட்டில் பாய்ந்து வைக்கவும்தான். சைடு லஞ்ச் (பக்கவாட்டில் காலை அகட்டி வைத்துத் தாழ்வது), ஒற்றைக்கால் ஸ்க்வாட் கொடுத்தேன். அப்புறம் கேள்வி வரவில்லை.

ஜூலை 1

இன்றிலிருந்து வேகம். ஸ்பைக்குக்கு எழும்பும்போது கால் தரையில் இருப்பது அரை நொடிக்கும் குறைவு. தசை தன் முழு விசையை எட்ட அந்த நேரம் பல சமயம் போதாது. பலத்தை வளர்த்ததோடு விட்டால் அது ஜிம்மிலேயே தங்கிவிடும். அதனால் எடையைக் குறைத்து ஜம்ப் ஸ்க்வாட் (உட்கார்ந்து குதித்து எழுவது), ஹேங் பவர் கிளீன் (தொடையருகே பிடித்த கம்பியை ஒரே வீச்சில் தோளுக்கு ஏற்றுவது). கம்பியின் வேகம் குறைவது கண்ணுக்குத் தெரிந்ததும் செட்டை நிறுத்துகிறேன், எண்ணிக்கை மீதியிருந்தாலும் சரி.

ஓட்ட வேகத்தைத் திருப்பத் தெரியாதவர்களுக்கு டெப்த் ஜம்ப். 1960களில் சோவியத் பயிற்சியாளர் யூரி வெர்கோஷான்ஸ்கி பிரபலப்படுத்தியது. பெட்டியிலிருந்து இறங்கி, தரையைத் தொட்டதும் உடனே மேலே. இறங்கும்போது இழுபடும் தசையும், அதை எலும்போடு இணைக்கும் தசைநாணும் தரும் ஆற்றல், தரையில் தாமதித்தால் வீணாகிவிடும். 30 சென்டிமீட்டர் பெட்டியில்தான் தொடங்கினோம். காது இங்கே நல்ல கருவி. தொப்பென்று சத்தம் கேட்டால் பெட்டி அவனுக்கு உயரம்.

ஜூலை 9

அவுட்சைடு ஹிட்டருக்கு (நெட்டின் ஓரத்திலிருந்து ஸ்பைக் அடிப்பவன்) முழங்கால் சில்லுக்குக் கீழே வலி. பிசியோவிடம் அனுப்பினேன், ‘ஜம்பர்ஸ் நீ’ (jumper's knee), அதாவது முழங்கால் சில்லுக்குக் கீழுள்ள தசைநாண் பாதிப்பு என்று உறுதியானது. குதிப்புகளைக் குறைத்தாயிற்று, ஆனால் காலை முழுக்கச் சும்மா விடவில்லை. லெக் எக்ஸ்டென்ஷனில் (உட்கார்ந்து காலை நீட்டி எடை தூக்கும் கருவி) எடையை அசையாமல் 45 நொடி பிடித்து நிற்பது, ஐந்து முறை. பிசியோ சொன்னபடி அதற்கடுத்து மெதுவான, கனமான தூக்கல். தசையைவிடத் தசைநாண் மெதுவாகத்தான் தேறும். தசை ஒத்துழைக்கிறது என்று அதை அவசரப்படுத்த முடியாது.

ஜூலை 18

பெஞ்ச் பிரஸ்ஸுக்கு வரிசை கட்டுகிறார்கள். இழுத்துப் பயிற்சி செய்யும் ரப்பர் பட்டையான ரெசிஸ்டன்ஸ் பேண்டைத் தொட ஆளில்லை. ஸ்பைக் அடிக்கும் கையில் உட்பக்கம் சுழற்றும் தசைகள் ஏற்கெனவே பலமாக இருக்கும். பந்தை அடித்த பிறகு அந்தக் கைக்கு பிரேக் போடுவது தோளின் பின்பக்கச் சிறு தசைகள். அவைதான் பின்தங்குகின்றன. தள்ளும் பயிற்சி ஒன்று செய்தால் இழுக்கும் பயிற்சி இரண்டு என்று சட்டம் போட்டேன். முகங்கள் வாடின. வாடட்டும்.

ஆகஸ்ட் 5

போட்டிகள் தொடங்கப் போகின்றன. செட்டுகளைப் பாதியாக்கினேன், எடையைக் குறைக்கவில்லை. எடையைக் குறைத்துச் செட்டைக் கூட்டினால் களைப்புதான் மிஞ்சும்.

ஸ்பைக் அடிக்கப் பந்தைத் தூக்கிக் கொடுக்கும் செட்டர் வெள்ளிக்கிழமை கனமான ஸ்க்வாட் செய்யலாமா என்று கேட்டான். மேட்ச் சனிக்கிழமை. செவ்வாய்க்கிழமை வா என்று சொல்லி அனுப்பினேன்.