ஏரிக்குள்ளே ஒரு தி.நகர்

மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது. ஏரி இல்லை. நவம்பர் மழையில் மட்டும் கொஞ்சம் வந்து தலைகாட்டிவிட்டுப் போகும்.

நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை, மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே, பிறை மாதிரி வளைந்து கிடந்த பெரிய நீர்ப்பரப்பு அது. வெள்ளைக்காரர்கள் அதை லாங் டேங்க் என்றார்கள், அதில் படகுப் போட்டியெல்லாம் நடத்தியிருக்கிறார்கள். 1920-களில் ஊர் பெருத்துக்கொண்டே போக, வீட்டுமனை வேண்டும் என்று மாம்பலம் பக்கத்து ஏரியை வடித்துத் தூர்த்தார்கள், அப்படி வந்ததுதான் தி.நகர் என்கிற தியாகராய நகர். அப்போது ஆட்சியில் இருந்தது நீதிக்கட்சி, அதனால் தி.நகரைச் சுற்றி வந்தாலே அந்தக் கட்சியின் பழைய கூட்டம் ஒன்றுக்குள் போய்விட்டு வந்த மாதிரி இருக்கும். ஊருக்கே 1925-ல் இறந்த பிட்டி தியாகராயர் பெயர், நடுவில் இருக்கும் பூங்காவுக்கு 1921 முதல் 1926 வரை முதலமைச்சராக இருந்த பனகல் ராஜா பெயர், அப்புறம் நடேச முதலியாருக்கு ஒரு பூங்கா, டி.எம். நாயருக்கு ஒரு ரோடு. உஸ்மான் ரோட்டுக்காரர் முகமது உஸ்மான் 1934-ல் சில மாதம் தற்காலிக கவர்னராகவே இருந்தவர். ரங்கநாதன் தெரு நெரிசலில் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடக்கிறவருக்கு இதெல்லாம் எதற்கு என்கிறீர்களா, அதுவும் சரிதான்.

எனக்குப் பிடித்தது அந்த வரைபடம்தான். பனகல் பூங்காவை நடுவில் வைத்து உஸ்மான் ரோடு, தியாகராயா ரோடு, ஜி.என். செட்டி ரோடு, வெங்கட்நாராயணா ரோடு என்று நாலாபக்கமும் இழுத்துவிட்டிருக்கிறார்கள். தோட்டம் வைத்த வீடுகளுக்காகப் போட்ட திட்டம். ஆனால் 1928-லேயே நல்லி இங்கே பட்டுக்கடை போட்டுவிட்டார், பிறகு அடுத்தடுத்து கடைகள் வந்து தோட்டங்களை விழுங்கின. தப்பிய கொஞ்சப் பச்சை பனகல் பூங்கா, அதையும் இப்போது மெட்ரோவுக்காகக் குடைந்திருக்கிறார்கள். 2019-ல் பாண்டி பஜாரில் நடைபாதையை அகலப்படுத்தியது மட்டும் உருப்படியான காரியம் என்பேன்.

நுங்கம்பாக்கம் பக்கத்து மிச்ச ஏரியும் தப்பவில்லை, 1976-ல் திறந்த வள்ளுவர் கோட்டம் நிற்பது அதன் மேல்தான். 2015-லும் 2021-லும் தி.நகர் தெருக்களில் தண்ணீர் நின்றபோது எல்லாரும் மழைநீர் வடிகாலைத் திட்டினார்கள். திட்ட வேண்டியதுதான், ஆனால் பள்ளத்தில் மனை போட்டு விற்றது யார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.