முதலாளியும் ஏப்ரன் கட்டும் கடை

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் கல்வர்ஸ் பர்கர் கடையொன்றில் நான் வேலை பார்த்தபோது, மதிய நெரிசல் தொடங்கியதும் உரிமையாளரும் அவர் மனைவியும் ஏப்ரன் கட்டிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். அவர் கிரில் பக்கம். அந்த அம்மாள் தட்டுகளோடு மேஜைகள் பக்கம். ஆர்டர் கொடுத்தவரிடம் நீல நிற எண் பலகையைத் தருவோம். அதைப் பார்த்துச் சாப்பாட்டை அவரிடமே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். தங்கமான மனிதர்கள் என்று நினைத்தேன். தங்கமானவர்கள்தான். ஆனால், கடையில் நிற்பது அவர்கள் ஏற்றுக்கொண்ட நிபந்தனையும்கூட.

கல்வர்ஸ் 1984இல் சாக் சிட்டி என்ற சிற்றூரில் தொடங்கியது. கிரெய்க் கல்வர், மனைவி லியா, பெற்றோர் ஜார்ஜ், ரூத் என நால்வரும் சேர்ந்து நடத்தினார்கள். அந்தக் குடும்பம் 1961இல் வாங்கி நடத்தி, பிறகு விற்றுவிட்ட ஏ அண்ட் டபிள்யூ என்ற உணவக நிறுவனத்தின் கிளைக் கடையைத்தான் மறுபடி வாங்கினார்கள். முதல் கிளை உரிமத்தை 1987இல் ரிச்லாந்து சென்டரில் கொடுத்தார்கள். ஓராண்டுக்குள் இழுத்து மூட வேண்டியதாயிற்று. 1990இல் பராபூவில் திறந்த கடை காலூன்றியது. இன்று கடைகள் 900ஐத் தாண்டிவிட்டன. பணத்தைப் போட்டுவிட்டு வேறெங்கோ உட்கார்ந்து லாபக் கணக்கு மட்டும் பார்க்க நினைப்பவருக்கு இங்கே உரிமம் கிடைக்காது. விண்ணப்பிப்பவர் முதலில் ஒரு கடையில் ஆறு நாளில் 60 மணி நேரம் உழைத்துக் காட்ட வேண்டும். அதில் தேறினால் 16 வாரப் பயிற்சி.

இந்தக் கெடுபிடி எதற்கு என்பது கஸ்டர்ட் இயந்திரத்தருகே நின்றபோதுதான் விளங்கியது. கஸ்டர்ட் ஐஸ்கிரீமுக்கு நெருங்கிய உறவு. ஆனால் முட்டை மஞ்சள் கரு கட்டாயம். அமெரிக்க விதிப்படி கஸ்டர்டின் எடையில் மஞ்சள் கருவின் திடப்பொருள் 1.4 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. காற்று அதிகம் ஏறாததால் கனமாக இறங்கும். மொத்தமாகச் செய்து அடுக்கிவைத்தால் அந்த வழவழப்பு போய்விடும் என்பதால் நாள் முழுக்கச் சிறிது சிறிதாக எடுத்துக்கொண்டே இருப்போம். உரிமையாளர் போகிற போக்கில் ஒரு கரண்டி வாயில் போடுவார். பிடிக்கவில்லையென்றால் வாய் திறக்காமல் அந்த ஈடு முழுவதையும் கொட்டிவிடுவார். சம்பளத்துக்கு நிற்கும் மேலாளருக்கு அந்தத் துணிச்சல் வராது. நஷ்டக் கணக்கை மேலே யாரிடமாவது சொல்லியாக வேண்டுமே! கிரில்லும் அப்படித்தான். உறையவைக்காத மாட்டிறைச்சியை ஆர்டர் வந்த பிறகு சூடான கல்லில் வைத்து அழுத்தினால்தான் ஓரம் முறுகும். பன்னின் மேல்பாதியில் வெண்ணெய் தடவி வாட்ட வேண்டும். அவசரத்தில் முதலில் விட்டுப்போகிற வேலைகள் இவைதான். (ஊரில் மாமியாரிடம் கஸ்டர்டைப் பற்றி மட்டுமே சொன்னேன். கிரில் பேச்சை எடுக்கவில்லை.)

2017இல் நிறுவனத்தின் சிறு பங்கை ரோர்க் கேபிடல் என்ற முதலீட்டு நிறுவனம் வாங்கியது. பெரும்பங்கு குடும்பத்திடமே நின்றது. வெளிப்பணம் வந்தால் கடைகள் பெருகும். பெருகினால் அத்தனை கடைகளிலும் நிற்க முதலாளிகள் வேண்டும். பணத்தைவிட அதுதான் கிடைப்பதற்கு அரிது என்பது என் எண்ணம்.

எங்கள் உரிமையாளரையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது கடை எடுத்ததும் அவர் அங்கே போய்விட்டார். இங்கே அந்த அம்மாள். மூன்றாவது எப்போது என்று சமையலறையில் ஒருவர் கேட்டபோது, அந்த அம்மாள் உருளைக்கிழங்கு வறுத்துக்கொண்டிருந்த மகனைக் காட்டி, “இவன் முதலில் படிப்பை முடிக்கட்டும்” என்றார்.